சூரியனைத் துடைத்தவள்

எங்கள் ஆய்வகத்தின் மொட்டை மாடியில் சோலார் பேனல்களுக்கு வயதாக ஆக இளமை திரும்பியது. மற்ற இடங்களில் பேனல் வெயிலில் நின்று நின்று வருடா வருடம் கொஞ்சம் சோர்ந்துபோகும். எங்களிடம் வந்தவை மட்டும் முதல் மாதம் எண்பத்தாறு, நான்காம் மாதம் எண்பத்தொன்பது, எட்டாம் மாதம் தொண்ணூற்று மூன்று என்று மதிப்பெண் வாங்கிக்கொண்டே போயின. அந்த வரைபடத்தைப் பச்சை நிறத்தில் போட்டுக் கொடுத்தவள் நான்தான். போடும்போது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பச்சை எடுப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

எங்கள் வேலை இதுதான். பேனல் செய்கிறவர்கள் அதன் முதுகில் ஓர் எண்ணை ஒட்டி அனுப்புவார்கள். அது தொழிற்சாலைக்குள், குளுகுளு அறையில், விளக்கு வெளிச்சத்தில் எடுத்த எண். வெயிலும் சூடும் காற்றும் மேகமும் மாறி மாறி அடிக்கிற திறந்தவெளியில் அந்தப் பேனல் எவ்வளவு தேறும் என்று பார்த்துச் சொல்வது எங்கள் பாடு. மாடியில் எட்டு கம்பெனிகளின் பேனல்கள் எட்டு வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றிலிருந்து வரும் மின்சாரத்தையும் ஒரு மீட்டர் அளக்கிறது. எவ்வளவு வெயில் விழுந்தது என்று அளக்கத் தனியாக ஒரு கருவி. விழுந்த வெயிலுக்கு நூறு வரவேண்டிய இடத்தில் எத்தனை வந்தது என்பதுதான் மதிப்பெண்.

அந்த வெயில் கருவி மாடியின் மூலையில், எதன் நிழலும் விழாத உயரத்தில், ஒரு கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. மேலே உள்ளங்கை அளவுக் கண்ணாடிக் குமிழ். இயக்குநர் பக்கத்தில் இல்லாத நேரங்களில் நாங்கள் அதை வழுக்கை என்போம். வெள்ளிக்கிழமைதோறும் வழுக்கையைத் துடைக்கும் பொறுப்பு என்னுடையது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இயக்குநருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தோம், சராசரி. இரண்டு மீட்டர் இரண்டு விதமாகக் காட்டினால் எது கெட்டுப்போனது என்று தேடமாட்டார், கூட்டி இரண்டால் வகுத்துவிடுவார். டீயில் சர்க்கரை தூக்கல் என்று ஒருவரும் சர்க்கரையே இல்லை என்று இன்னொருவரும் சொன்னால், டீ சரியாகத்தான் இருக்கிறது என்று முடிவுகட்டுவார். தொண்ணூற்று மூன்றுக்கும் அவரிடம் விளக்கம் இருந்தது.

"நம்ம வெயில் தரமான வெயில்மா. அதுக்குப் பேனல் பழகிடுது."

வயதாக ஆக மெருகேறும் பேனல்கள் என்று ஒரு கட்டுரை எழுதி, மாநாட்டில் வாசித்து, கண்ணாடிக் கேடயம் ஒன்றும் வாங்கி வந்தார். அந்தக் கேடயத்தைத் தினமும் துடைப்பதற்குத் தனியாக ஆள் இருந்தார்.

அந்தத் தொண்ணூற்று மூன்றை நம்பி ஆறு சுகாதார நிலையங்களில் பேனல் போட்டார்கள். கரண்ட் ஒழுங்காக வராத இடங்கள். தடுப்பூசி மருந்து வைக்கும் பிரிட்ஜ் இரவு பகல் ஓட வேண்டும். பழைய கணக்குப்படி நிலையத்துக்குப் பன்னிரண்டு பேனல். எங்கள் அறிக்கை பதினொன்றே போதும் என்றது. ஆறு பேனல் மிச்சம் பிடித்துக் கொடுத்ததற்காக இயக்குநருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அறிக்கையைத் தயாரித்தவள் என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் என் பெயரும் இருந்தது. என் வேலை இன்னும் நிரந்தரமாகாத நேரம் அது. பொடி எழுத்தும் எனக்குப் பெரிதாகத்தான் தெரிந்தது.

அந்த ஆறு நிலையங்களில் ஒன்றில் என் அக்கா நர்ஸ். இங்கிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். பேனல் போட்ட இரண்டாம் மாதமே போன் வர ஆரம்பித்தது.

"என்னடி உங்க பேனல், மேகம் போட்டா பிரிட்ஜ் மூச்சு வாங்குது."

"துடைச்சியா?"

"துடைச்சேன்."

"எப்போ?"

"போன வாரம்."

"தினமும் துடைக்கணும்க்கா. தூசி படிஞ்சா பேனல் என்ன பண்ணும், பாவம். ஊருக்கெல்லாம் கை கழுவு கை கழுவுன்னு பாடம் எடுக்கறே, பேனல் துடைக்க மட்டும் வலிக்குதா?"

அக்காவுக்குப் பாடம் எடுக்க எனக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் வாய்ப்பு அது. சிறு வயதிலிருந்து அவள்தான் என் காதைத் திருகிப் பல் தேய்க்க வைத்தவள், நகம் வெட்ட வைத்தவள். ஆகவே போன் வரும்போதெல்லாம் ஹலோவுக்குப் பதில் "துடைச்சியா?" என்றுதான் எடுத்தேன். அவளும் தினமும் காலை ஏழு மணிக்கு வாளியும் துணியுமாக நிலையத்தின் மாடி ஏறத் தொடங்கினாள். அத்தான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வாராம். ஒரு நாள் அவர் கொட்டாவி விட்ட நேரம் பார்த்து ஏணி சறுக்க, அக்காவின் முழங்கையில் ஆறு தையல். அதைச் சொன்னபோதும் நான், "சரி, துடைச்சு முடிச்சியா?" என்றேன். சிரிப்புக்காகத்தான் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

பிறகு தொடர்ந்து மூன்று நாள் வானம் மூடிக்கொண்டது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. மூன்றாம் நாள் விடியும் முன்பே அக்காவின் நிலையத்தில் பேட்டரி தீர்ந்து பிரிட்ஜ் நின்றுவிட்டது. மருந்து இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். காலையில் அவள் வந்து பார்த்தபோது பதினொன்று. அக்கா பதிவேட்டில் பதினொன்று என்று எழுதினாள். மருந்தையெல்லாம் ஒதுக்கி, பயன்படுத்தக் கூடாது என்று சீட்டு ஒட்டி, மேலிடத்துக்கும் எழுதிப் போட்டாள். அந்த அமளியில் எனக்குப் போன் செய்யவில்லை, இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

மேலிடம் எங்களைக் கேட்டது. மூன்றாம் எண் நிலையத்தில் மின்சாரம் போதவில்லை என்கிறார்கள், உங்கள் கருத்து என்ன. இயக்குநர் அந்தக் கடிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நான் டீ ஆறுவதற்குள் பதில் அடித்துவிட்டேன். எங்கள் சோதனையில் இந்தப் பேனல் தொண்ணூற்று மூன்று. மற்ற ஐந்து நிலையங்களில் ஒரு குறையும் இல்லை. ஆகவே மூன்றாம் எண் நிலையத்தில் பேனல்களைத் துடைக்காமல் விட்டதே காரணமாக இருக்கலாம். கீழே என் சுருக்கக் கையெழுத்து. எனக்கு அக்காவைத் தெரியும், அக்காவின் எண்ணைத் தெரியாது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு அவளே வந்து நின்றாள். முழங்கையில் கட்டு, தோளில் வேலைக்குக் கொண்டுபோகும் பை, கையில் மெமோ. பராமரிப்பில் அலட்சியம் காட்டி மருந்தை வீணாக்கியதற்காகத் திங்கட்கிழமை விசாரணை. பதில் திருப்தியாக இல்லையென்றால் வேலையிலிருந்து நிறுத்திவைப்பார்கள். அடுத்த மாதம் தலைமை நர்ஸ் ஆகவேண்டியவள். மெமோவோடு என் கடிதத்தின் நகலையும் ஆதாரமாக இணைத்திருந்தார்கள்.

அக்கா என் சுருக்கக் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள். பள்ளிக்கூட நோட்டில் எனக்கு அதைப் போடக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

"இது உன்னோடதுதானே?"

"உங்க நிலையம்னு தெரியாதுக்கா. மூணாம் நம்பர்னுதான் போட்டிருந்தது."

"மூணாம் நம்பர்னா துடைச்சிருக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுதா?"

அவள் கத்தவில்லை. ஊசி போடும்போது பேசுகிற அதே குரலில்தான் கேட்டாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

"சரி, வந்தது வந்துட்டேன். நீங்க இங்க எப்படித் துடைக்கறீங்கன்னு காட்டு. நான்தான் தப்பாத் துடைக்கறேனோ என்னவோ."

மாடிக்குக் கூட்டிப் போனேன். மேகம் விலகி, துளிக் கறை இல்லாத வானம். பேனல்களுக்கு நடுவில் நடைபாதை, ஓரத்தில் குழாய், நீளக் கைப்பிடி வைத்த பிரஷ். வாரம் ஒருமுறை எட்டு வரிசையையும் ஒரே நாளில் கழுவுகிறோம், ஒரு வரிசைக்குக் கூட ஓரவஞ்சனை கிடையாது என்று விளக்கினேன். அக்கா ஒரு பேனலை விரலால் தடவிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. பக்கத்துக் கட்டடம் கல் அறுக்கும் பட்டறை. அங்கிருந்து வெள்ளைத் தூசி அந்த நேரத்திலும் எழும்பி எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது.

"அந்தக் கம்பத்து மேல என்ன?"

"அதுதான் வெயிலை அளக்கற கருவி."

"பேனலுக்குத் தூசி ஆகாது. அதுக்கு ஆகுமா?"

"அதுக்கும் ஆகாது."

"அதை யாரு துடைக்கறது?"

"நான்தான். வாராவாரம்."

"எப்படி ஏறுவே?"

இந்தக் கேள்வியை எங்கள் ஆய்வகத்தில் ஒரு வருடமாக யாரும் என்னைக் கேட்டதில்லை. ஏணி கீழே ஸ்டோரில் இருக்கிறது என்றேன். அக்கா விறுவிறுவென்று கீழே போனாள். எங்கள் ஸ்டோர்காரரிடம் ஏணி வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. படிவம் ஒன்று, கையெழுத்து மூன்று. மூன்றாவது கையெழுத்துப் போடுகிறவர் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் இருக்கையில் இருந்ததாகச் சரித்திரமே இல்லை. ஆனால் முழங்கையில் கட்டோடு ஒரு நர்ஸ் வந்து கேட்டதும் ஸ்டோர்காரர் படிவம் கூடக் கேட்காமல் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். வந்து இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்து அன்பாகச் சொன்னார்.

"நல்லவேளை, இன்னைக்காவது கேட்டீங்க. ஒரு வருஷமா வெளிய எடுக்காம மடக்குல துருப்பிடிச்சுக் கிடக்கும்மா."

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைக் கீழே வைத்து, ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்தாள். நான் ஏறுகிறேன் என்றேன். "நீ பிடிச்சுக்கோ, கொட்டாவி விடாம" என்று சொல்லிவிட்டு, நல்ல கையால் ஏணியைப் பிடித்து ஏறிவிட்டாள்.

நாங்கள் நின்ற இடத்தில் சுவரோடு ஒரு சிறு பெட்டி உண்டு. சூரியன் அந்த நொடியில் எவ்வளவு காய்கிறது என்று அதில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். எண்ணூற்று அறுபத்தெட்டு என்று காட்டியது. கீழிருந்து பார்த்தால் கண்ணாடி கண்ணாடியாகத்தான் தெரிந்தது. அக்கா பஞ்சை நனைத்து, குழந்தையின் தொடையைத் துடைப்பதைப் போல வட்டமாகத் துடைத்தாள். பஞ்சு சாம்பல் நிறமாயிற்று. இன்னொரு பஞ்சு. அதுவும் சாம்பல். கல் தூசியில் பனி இறங்கி இறங்கி, பூச்சு வேலை மாதிரி கெட்டியாக ஒட்டியிருந்தது. மூன்றாவது பஞ்சை வைத்து அழுத்தித் தேய்த்தாள்.

"தொள்ளாயிரத்துப் பத்து" என்றார் ஸ்டோர்காரர். அவருக்கு அந்தப் பெட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது, எண் மாறுவது மட்டும் தெரிந்தது. "தொள்ளாயிரத்து இருபத்தெட்டு. தொள்ளாயிரத்து நாப்பத்தொண்ணு. அட, வெயில் ஏறுதே."

வெயில் ஏறவில்லை. அது எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது. கருவியின் கண்ணில் தூசி அப்பிக்கொண்டிருந்ததால் வெயில் குறைவு என்று அது எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது. வெயில் குறைவு, மின்சாரம் மட்டும் அப்படியே வருகிறது என்றால் பேனல் கெட்டிக்காரப் பேனல் என்றுதானே அர்த்தம். தூசி ஏற ஏற மதிப்பெண்ணும் ஏறியது. தரமான வெயிலும் இல்லை, மெருகேறும் பேனலும் இல்லை. நான் மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறாக வந்து நின்றது. முதல் மாதம் என்ன இருந்ததோ அதே எண்பத்தாறு.

முதல் மாதம் மூன்று வெள்ளிக்கிழமை நான் நிஜமாகவே ஏறித் துடைத்தேன். நான்காவது வெள்ளி மூன்றாவது கையெழுத்துக் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் சேர்த்துத் துடைத்துவிடலாம் என்று டிக் போட்டேன். அடுத்த வாரமும் அந்த மனிதர் இல்லை. அதற்குப் பிறகு நான் படிவம் கேட்கவே இல்லை. டிக் போடுவதற்கு ஏணி தேவைப்படவில்லை. மொத்தம் நாற்பத்து நான்கு டிக். ஒவ்வொன்றின் கீழும் இயக்குநர் "பார்த்தேன்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அக்கா இறங்கி வந்து மூன்று பஞ்சையும் என் உள்ளங்கையில் வைத்தாள்.

"எத்தனை வாரமா?"

சொன்னேன். அவள் கையைக் கழுவப் போனாள். அவளை ஏணி ஏறவிட்டு, தையல் போடவிட்டு, போனில் துடைச்சியா துடைச்சியா என்று அதட்டிய வாயை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

இயக்குநர் பஞ்சைப் பார்த்துப் பதறவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார். அக்காவை உட்காரச் சொன்னார். அவர் தலைக்குப் பின்னால் கேடயம் பளபளவென்று இருந்தது.

"பழசு தொண்ணூத்து மூணு. புதுசு எண்பத்தாறு. கூட்டி வகுத்தா எண்பத்தொன்பதரை. அப்படியே திருத்தம் போட்டுடலாம். யாருக்கும் மனசு நோகாது."

"பிரிட்ஜுக்கு நோகும் சார்" என்றேன்.

"இங்க பாரும்மா. டிக் உன்னோடது. நான் பார்த்தேன்னுதான் எழுதியிருக்கேன். டிக்கைப் பார்த்தேன். வழுக்கையைப் பார்த்தேன்னு எங்கேயும் எழுதலை."

அந்தப் பெயர் அவருக்கும் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"உன்னை நிரந்தரமாக்கற ஆர்டர் இதோ மேஜை மேல இருக்கு. என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இப்போ போய் நாற்பத்து நாலு வாரம் துடைக்கலைன்னு எழுதினா அதுக்கு என்ன அர்த்தம்னு யோசி. அதுவும் இல்லாம, பேனல் கம்மின்னா ஆறு இடத்துலயும்தானே குறை வரணும்? மத்த அஞ்சு இடத்துல பிரிட்ஜ் ஜம்முனு ஓடுது. பதிவேடு வந்திருக்கு, நீயே பாரு."

ஐந்து நிலையங்களின் பதிவேட்டு நகல்களை எடுத்து முன்னால் தள்ளினார். நான் கடிதம் எழுதும்போது பார்த்த அதே நகல்கள். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, மூன்று மாதமாக பிரிட்ஜின் சூடு. ஐந்து, ஐந்து, ஐந்து. வானம் மூடிய அந்த மூன்று நாளும் ஐந்து. அன்றைக்கு இதைப் பார்த்துவிட்டு, எவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறார்கள், இந்த மூன்றாம் எண் மட்டும் ஏன் இப்படி என்று நினைத்திருந்தேன்.

அக்கா பக்கங்களைப் புரட்டினாள். நிதானமாக, ஒவ்வொன்றாக. பிறகு தன் பையிலிருந்து தன் பதிவேட்டின் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். நான்கு, ஆறு, ஏழு, ஐந்து, ஏழு, எட்டு, பதினொன்று.

"கதவைத் திறந்து மூடினாலே ஒரு டிகிரி ஏறும். ஊசி போடற நாள்ல ஏழு கூட வரும். மூணு மாசமா அஞ்சைத் தாண்டாத பிரிட்ஜை நான் பார்த்ததே இல்லை." என்னைப் பார்த்தாள். "இது உன் டிக் மாதிரியே இருக்குடி."

இயக்குநர் ஏதோ சொன்னார், காதில் ஏறவில்லை. ஆறு இடத்திலும் பிரிட்ஜ் நின்றிருக்கிறது. ஆறு பேரில் ஒருத்தி நிஜத்தை எழுதினாள், அவள் கையில் மெமோ. ஐந்து பேர் ஐந்து என்று எழுதினார்கள், அவர்கள் ஜம்மென்று இருக்கிறார்கள். டிக் போட்ட எனக்கு நிரந்தர ஆர்டர் மேஜை மேல் காத்திருக்கிறது. அந்த ஐந்துகளின் தைரியத்தில் யார் யார் பிள்ளைக்கு என்ன ஊசி போட்டார்களோ.

பஸ் ஸ்டாண்டு வரை அவளோடு நடந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: "வேண்டாம்டி, உன் வேலை போயிடும், நான் சமாளிச்சுக்கறேன்" என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் கண்கலங்கி, கட்டிப்பிடித்து, ஒத்துக்கொண்டிருப்பேன். அக்கா அப்படி எதுவும் சொல்லவில்லை. வழியில் ஒரு கடையில் நின்று பிளாஸ்டிக் வாளி ஒன்று வாங்கினாள். பழைய வாளி அவளோடு சேர்ந்து விழுந்து உடைந்துவிட்டதாம்.

"இனிமே எதுக்குக்கா வாளி?"

"நீதானே சொன்னே, தினமும் துடைக்கணும்னு. அது சரிதானே? தூசி தூசிதானே?"

வாளியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து போனாள். பஸ் திரும்பும் வரை நான் நின்றேன். எனக்கு அழுகை வந்தது, பக்கத்தில் நின்றவர்கள் ஏதோ பிரிவு என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஏணி போட்டு ஏறித் துடைத்துவிட்டு வந்து கடிதம் எழுதினேன். பூசி மெழுகாமல் எழுதுவது எவ்வளவு சிரமம் என்று அன்று தெரிந்தது. துடைக்க இயலவில்லை என்று எழுதினேன், அடித்தேன். துடைக்கப்படவில்லை என்று எழுதினேன், அதையும் அடித்தேன். கடைசியில், நான் துடைக்கவில்லை, டிக் மட்டும் போட்டேன், நாற்பத்து நான்கு வாரம் என்று எழுதினேன். பதினொரு பேனல் போதாது, பன்னிரண்டு வேண்டும். மற்ற ஐந்து நிலையங்களின் பிரிட்ஜையும் நேரில் போய்ப் பாருங்கள். படிவங்களின் நகலையும் இணைத்து, திங்கட்கிழமை நானே விசாரணைக்குக் கொண்டுபோனேன்.

விசாரணை அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படிவங்களை இரண்டு தடவை பார்த்தார்.

"எல்லா வாரமும் டிக் இருக்கே?"

"டிக் போட்டேன் சார். துடைக்கலை."

"ரெண்டும் வேற வேறயா?"

கிண்டலாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை, மனிதர் நிஜமாகவே குழம்பியிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா அவருக்குப் பொறுமையாக விளக்கினாள்.

மெமோவைத் திரும்பப் பெறும் வழக்கம் அந்த அலுவலகத்தில் இல்லையாம். முடித்துவைக்கப்பட்டது என்று எழுதினார்கள். அக்கா தலைமை நர்ஸ் ஆவது மூன்று மாதம் தள்ளிப்போய், ஒருவழியாக ஆனாள். ஆறு நிலையங்களுக்கும் பன்னிரண்டாவது பேனல் போனது. நேரில் போய்ப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் ஐந்து பதிவேடுகளிலும் ஐந்து திடீரென்று ஒன்பதாகவும் பத்தாகவும் மாறியது. அந்த மூன்று நாளுக்குப் பிறகு அங்கே ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளை மறுபடி கூப்பிட வேண்டும் என்று முடிவாயிற்று. இருநூற்றுப் பதினேழு பிள்ளைகள். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, முதலில் போட்ட ஊசி வீண், இன்னொரு தடவை அழவைக்க வந்திருக்கிறோம் என்று சொல்ல ஆள் தேவைப்பட்டது. அக்கா தன் விடுமுறை நாட்களில் போனாள்.

இயக்குநர் சும்மா இருக்கவில்லை. வெயில் கருவியில் தூசி படிந்தால் என்னவாகும் என்பதைத் தங்கள் ஆய்வகம் கண்டறிந்ததாக இன்னொரு கட்டுரை எழுதினார். இரண்டாவது கேடயம் வந்தது. கட்டுரையில் ஸ்பிரிட் பஞ்சைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. என் நிரந்தர ஆர்டரை ஒரு வருடம் தள்ளிவைத்து, கூடுதல் பொறுப்பாக ஏணியையும் என் தலையில் கட்டினார். எழுத்துப்பூர்வமாக. இப்போது ஏணி வேண்டுமென்றால் நான் எனக்கே படிவம் கொடுத்து, நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு நானும் போனேன். பதினோரு வீடு. குளிர்பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். ஒரு வீட்டில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, அக்காவின் பையைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கியது. அதன் அம்மா, "ஏன் மறுபடியும்?" என்று கேட்டாள். மருந்து கெட்டுப்போயிருந்தது என்றாள் அக்கா. "எப்படிக் கெட்டது?" அக்கா என் பக்கம் திரும்பினாள், நீயே சொல் என்பதுபோல. நான் துடைக்கவேண்டிய ஒன்றைத் துடைக்கவில்லை என்றேன். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. குழந்தையின் காலை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஊசி ஏறியபோது அது என் முகத்தைப் பார்த்துத்தான் அழுதது.

அன்றிலிருந்து தினமும் வேலைக்கு வந்ததும் முதலில் ஏணியைத்தான் தூக்குகிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் என்பதெல்லாம் போய்விட்டது. நுழைவாயில் பலகையில் எண்பத்தாறு என்று போட்டிருக்கிறது. வருகிறவர்கள், போன வருடம் நன்றாக இருந்ததே என்று துக்கம் விசாரிக்கிறார்கள்.

காலை எட்டரைக்கு அக்காவிடமிருந்து போன் வரும். ஹலோ கிடையாது.

"துடைச்சியா?"

"துடைச்சேன்."

"டிக் போட்டியா?"

"போட்டேன்."

"எது முதல்ல?"

சில நாள் சிரித்துக்கொண்டே கேட்பாள், சில நாள் சிரிக்காமல். துடைத்தது முதலில் என்று சொல்வேன். அவள் சரி என்று வைத்துவிடுவாள். ஒரு தடவையும் நம்புகிறேன் என்று சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.